வாசனைதான், ஒன்றும் ஆகாது

1

எங்கள் கட்டடத்தில் குளிர் தொடங்கும்போது தபால் பெட்டிகளுக்கு மேலே ஒரு மஞ்சள் தாள் ஒட்டுவார்கள். போலந்து மொழியில் ஆறேழு வரி. கீழே ஒரு படம்: குளியலறை, சுவரில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து மூன்று வளைந்த கோடுகள். என் கணவன் டில்லியும் நானும் க்டான்ஸ்க் நகரத்துக்கு வந்த முதல் மூன்று குளிர்காலமும் அந்தத் தாளைத் தினம் இரண்டு வேளை தாண்டிப் போயிருக்கிறோம். "இன்னாமே இது, சுடுதண்ணி விளம்பரமா?" என்று ஒருமுறை டில்லி கேட்டான். இருக்கும் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது இந்த ஆண்டின் தாளை ஒட்டியிருந்தார்கள். பையைத் தரையில் வைத்துவிட்டு நின்று முழுதும் படித்தேன். இப்போது எனக்கு இந்த மொழி சுமாராக வரும். ஆஸ்பத்திரியிலும் அரசாங்க ஆபீசிலும் நின்று நின்று வந்துவிட்டது. குளியலறையில் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் புகை போகும் குழாயை அடைக்கக் கூடாது, ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும், தலை சுற்றினாலோ கருகல் வாசனை வந்தாலோ அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் செய்தி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மேலே போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். பிறகு இதை எழுத ஆரம்பித்தேன்.

நான் இங்கே இருக்கிறேன். என் கணவன் டில்லிபாபு எண்ணூரில் அவன் அம்மாவோடு இருக்கிறான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. நானும் அவனும் வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையில் ஒரு நாள்கூட அவனுக்கு ஞாபகம் இல்லை. அவனைச் சாவிலிருந்து இழுத்து வந்தவள் என்று எண்ணூரிலும் ராயபுரத்திலும் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்புகள்.

2

என் பெயர் ரீட்டா. ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பி.காம் முடித்ததும் எண்ணூரில், கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ராயபுரத்தில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்குவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி முதல் வாரமே தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள்: "கட்டத்துல இன்னா கேட்டுகீதோ அதுக்கு மட்டும் பதில் எழுது. கேக்காதத எழுதி வெச்சியான்னா கப்பலே நின்னுடும்." எட்டு வருடம் அப்படித்தான் எழுதினேன். உண்மை என்பது கட்டத்துக்குள் அடங்குவது என்று எனக்குப் பழகிவிட்டது.

டில்லி எண்ணூர் குப்பத்துப் பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கஸ்தூரி மீன் விற்பவர். டில்லி கடலுக்குப் போகாமல் பாலிடெக்னிக் படித்து, அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தான். சாயங்காலம் திருவொற்றியூரில் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லி நான் ஏறும் ரயிலில் ஏறுவான். திருவொற்றியூரில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ரயிலில் திரும்பி வீட்டுக்குப் போவானாம்.

அந்த ரயிலில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். காற்று மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து திரும்பினால் பெட்டி முழுக்க ஒரு வாசனை நிறையும். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் கருகிய ரப்பர், ஒரு நாள் பெயர் வைக்க முடியாத ஒன்று. வெளியூர்க்காரர்கள் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் மூக்கில் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் வைக்க மாட்டார்கள். வைத்தால் கேவலம். "இன்னா வாசன இது?" என்று யாராவது கேட்டுவிட்டால் பெட்டியே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். "வாசனதான், ஒண்ணும் ஆவாது" என்று ஒரு பதில் வரும். அதோடு பேச்சு முடிந்தது. டில்லியும் நானும் அந்த வாசனையில்தான் காதலித்தோம். மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்து இருவரும் சேர்ந்து கேலி செய்தோம். எங்களுக்கு ரொம்பத் தைரியம் என்று நினைப்பு.

கிறிஸ்தவப் பெண், மீனவப் பையன். இரண்டு வீட்டிலும் பேஜாராகி, ஒரு வருடம் யாரும் பேசாமல் இருந்து, கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. கஸ்தூரி அத்தை வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வந்தார். என் வீட்டில் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு ஏஜென்ட் மூலமாக இருவரும் போலந்துக்கு வந்தோம்.

3

எண்ணூரில் மீன் பிடிக்காமல் தப்பித்தவன் க்டான்ஸ்க்கில் மீன் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டான். தலை வெட்டின மீன்கள் பெல்ட்டில் வரும், டில்லி முள் எடுக்க வேண்டும். "இந்த ஊர்ல மீனுக்குக் கண்ணே கெடயாதும்மா. நல்லதா கெட்டதான்னு எத்தப் பாத்து கண்டுபுடிப்பே?" என்று அத்தையிடம் போனில் சொல்லிச் சிரிப்பான். நான் பார்சல் பிரிக்கும் கிடங்கில் நின்றேன். இருவருக்கும் காலும் முதுகும் போய்விடும். ஆனால் இரண்டு மூன்று நாள் சேர்ந்து லீவு கிடைத்தால் வீட்டில் தங்க மாட்டோம்.

பழைய சாமான் சந்தையில் இரண்டு முதுகுப் பைகள் வாங்கியிருந்தோம். டில்லியின் பையில் முன்னால் வைத்திருந்தவன் தன் பெயரை மையால் எழுதியிருந்தான். பஸ்ஸில் போவோம், கிடைத்த இடத்தில் தங்குவோம். ப்ராக் நகரத்தில் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ஸ்லோவாக்கியாவில் மலை ஏறும்போது டில்லியின் செருப்பு அறுந்து, என் தலை ரப்பர் பேண்டை மாட்டிக் கீழே இறங்கினான். குரோஷியாவில் கடலைப் பார்த்ததும் சட்டையோடு இறங்கிவிட்டான். வெளியே வந்து, "தண்ணி சுத்தமா கீது, ஆனா மீன் வராது இதுல, பசிக்கும் அதுக்கு" என்றான். நாட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. இந்தக் கதைகளை இப்போது சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். எதையாவது நான் தப்பாகச் சொன்னாலும் திருத்த ஆள் இல்லை.

மலை உச்சியில் அவனுக்குத் தூக்கம் வராது. "காத்துல ஒண்ணுமே இல்லமே. வூட்ல கரண்டு போன மாதிரி கீது" என்பான்.

ஒரு கதையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மலையடிவார விடுதி. பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுச் சமையலறை. அத்தை அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை டில்லி எண்ணெயில் போட்டான். ஐந்து நிமிடத்தில் மாடியிலிருந்து ஜெர்மன்காரப் பையன்கள் இறங்கி ஓடினார்கள். பின்னாலேயே ஒரு குடும்பம். பிறகு விடுதிக்காரர் வந்து கேஸ் வால்வை மூடிவிட்டுக் கையை ஆட்டி எல்லோரையும் வெளியே விரட்டினார். ஏதோ கசிகிறது என்று நினைத்துவிட்டார்கள். முற்றத்தில் அத்தனை பேரும் பனியில் நின்றார்கள். நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து கருவாட்டைச் சாப்பிட்டு முடித்தோம். "பயந்தாங்கொள்ளிப் பசங்க" என்றான் டில்லி. இதைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் சிரித்தோம். வாசனை என்றதும் வெளியே ஓடியவர்கள் புத்திசாலிகள் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

4

நான்காவது ஆண்டு, குளிர் முடிகிற நேரம். ஒரு வார லீவில் பால்கன் நாடுகள் பக்கம் போயிருந்தோம். அந்த மலையூரின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தண்ணீரும் பனியுமாகக் கொட்டியது. வாடகை அறையைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் டில்லி தொப்பலாக நனைந்துவிட்டான். அந்த வீட்டுக்கார அம்மாள் அவன் காலணிகளை வாங்கி அடுப்பருகே வைத்தார், எங்களுக்குச் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார், சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மதியம் மூன்று மணி. மாடியில் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சின்னக் குளியலறை. சுவரில் கேஸ் ஹீட்டர். ஜன்னல் இடுக்கில் குளிருக்காகப் பழைய துணி அடைத்திருந்தது. டில்லிக்குப் பல் கிட்டியது. நீ முதலில் குளி என்று அனுப்பினேன்.

நான் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் அன்று எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டில்லியின் குரல்.

"ரீட்டா, இன்னாமோ வாசன அடிக்குதுமே."

எனக்கும் லேசாக வந்தது. கருகலும் கேஸும் கலந்த ஒன்று. திருவொற்றியூர் தாண்டும்போது வருவது மாதிரி. எனக்கு உண்மையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

"நம்ம ஊரு வாசனதான். ஒண்ணும் ஆவாது, குளி" என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குத் தெரிந்த டில்லியின் கடைசிச் சிரிப்பு அதுதான். இப்போது சிரிக்கிறவனும் டில்லிதான், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று இரண்டு நிமிடம் கழித்து அவனுக்குத் தெரியாது.

நான் படங்களில் நல்லதாக நாலைந்து தேர்ந்தெடுத்து அத்தைக்கு அனுப்பினேன். எனக்கும் தலை கனத்தது, பஸ் அலுப்பு என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள்: கதவை இடித்து உடைத்தேன், அவனை இழுத்துப் படிக்கட்டு வரை கொண்டுவந்தேன், கத்தி ஊரைக் கூட்டினேன். அந்தப் பாதிக் கதைதான் எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தது.

5

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். ஹீட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் நாங்கள் முகர்ந்தது என்ன என்று கேட்டேன். சரியாக எரியாத ஹீட்டரின் புகையாக இருக்கும் என்றார். "அது வந்தது உங்கள் அதிர்ஷ்டம். பலருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தால் போதுமாம்.

மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் ஆங்கிலமும் அவர்கள் மொழியும் கலந்த ஒரு ஃபாரத்தோடு வந்தார். பெயர், பாஸ்போர்ட், எந்த மணிக்கு என்ன. பன்னிரண்டாவது கட்டம்: சம்பவத்துக்கு முன் ஏதாவது வாசனையோ புகையோ உங்களில் யாராவது கவனித்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு சதுரம்.

எட்டு வருடம் ஃபாரம் நிரப்பியவள் நான். எந்தக் கட்டம் கப்பலை நிறுத்தும் என்று பார்த்ததும் தெரியும். "இல்லை" என்பதில் டிக் அடித்தேன். கையெழுத்துப் போட்டு ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் போலீஸ்காரர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தப்பு முழுதும் ஹீட்டர் மேலும், டில்லியின் காலணியைக் காய வைத்த அந்த அம்மாள் மேலும் போனது. ஜன்னலை அடைத்துப்போட்டது அவர் தப்புதான். ஆனால் அதில் என் பங்கு ஒன்று இருக்கிறது, அதை அவர் சுமக்கிறார்.

அன்றே அத்தைக்குப் போன் செய்தேன். "வாசனையே இல்லாத விஷக் காத்தாம் அத்தே. யாருக்கும் தெரியாதாம், டாக்டரே சொல்ட்டாரு" என்றேன். டாக்டர் சொன்னதுதான், பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை அழுதார். பிறகு, கல்யாணத்தன்றுகூட என்னோடு பேசாதவர் சொன்னார்: "நீ கண்டி இல்லன்னா எம்புள்ள பொணமா வந்துருப்பான். நீ எனுக்கு மருமவ இல்லமே, சாமி."

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

6

டில்லி பிழைத்தான், மூளைதான் அடிபட்டது. நடக்கிறான், சாப்பிடுகிறான், என்னைத் தெரியும். ஆனால் ரயிலில் வரும் ராயபுரத்து ரீட்டாவைத்தான் தெரியும். கல்யாணம் ஞாபகம் இல்லை, போலந்து ஞாபகம் இல்லை, ப்ராக் பாலம் இல்லை, கருவாட்டுக் கதை இல்லை. புதிதாக எது சொன்னாலும் இரண்டு நிமிடம் தங்காது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினேன்: "நீ க்டான்ஸ்க்கில் இருக்கிறாய். ரீட்டா உன் மனைவி." காலையில் அதைப் படித்துவிட்டுக் கூச்சத்தோடு என்னைப் பார்ப்பான்.

"மெய்யாலுமே கட்டிகினோமா?"

"கட்டிகினோம்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

இதுதான் தினசரிக் கேள்வி. அவன் கணக்கில் எங்கள் விஷயம் இன்னும் அவன் அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அத்தை வந்தால் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளுவான். "சும்மா இரு, அம்மா பாத்துடப் போவுது" என்று காதோடு சொல்வான். அத்தை அந்தப் பக்கம், "டேய், அவதான்டா உன்ன காப்பாத்துனவ, அவள ஏன்டா தள்றே" என்று அழுவார். நான் ஓரத்தில், படத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அந்த இடம் எனக்குச் சரியான இடம் என்று தோன்றும்.

நான் வேலைக்குப் போகும்போது கேஸை அடைத்துவிட்டுப் போவேன். டில்லி எண்ணூர் ஸ்டேஷனைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவான். மூன்று முறை போலீஸ் கூட்டிவந்தது. ஒருமுறை பனியில் வீட்டுச் செருப்போடு இரண்டு மைல் நடந்திருக்கிறான். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து அந்தப் பக்கம் போயிருக்கிறான். ஊர் வந்துவிட்டது என்று நினைத்தானாம்.

இங்கே தங்க அனுமதிக்கும் அவன் ரெசிடென்ஸ் கார்டின் கெடு முடிந்தபோது வெளிநாட்டவர் ஆபீசில் இருவரையும் வரச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள், பொறுமையானவர், ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கே வசிக்கிறீர்கள்?"

"எண்ணூர்" என்றான் டில்லி.

"பக்கத்தில் இருக்கும் இவர் யார்?"

டில்லி என்னைப் பார்த்தான், பிறகு முன்னால் குனிந்து, தனக்கு வந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: "மேடம், தயவுசெய்து என் அம்மாவிடம் சொல்லாதீர்கள்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

அவன் கார்டை மறுத்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். மறுக்கவில்லை. இன்னும் சில காகிதங்கள் கொண்டுவரச் சொன்னார்கள். காகிதத்துக்கென்றே பிறந்தவள் நான், ஒரு வாரத்தில் தயார் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான் களைத்துவிட்டேன். அவனுக்கு ஞாபகம் இருக்கும் இடத்தில் அவன் இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு டிக்கெட் போட்டேன்.

7

போன பங்குனியில் கூட்டிப்போனேன். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கியதும் டில்லி எனக்கு முன்னால் நடந்தான். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக அவன் எனக்கு வழி காட்டினான்.

குப்பத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையை எப்படி எழுதுவது. மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்கள். "இந்தக் கையாலதான் கதவ ஒடச்சி இஸ்துகினு வந்துச்சாம்" என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள். அத்தை தினம் எனக்கு மீனில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார். அதை எடுத்து டில்லியின் தட்டில் வைத்தேன். நான் போலந்துக்குத் திரும்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. சொல்லாமல் விமானம் ஏறிவிடலாம், சாகும்வரை யாருக்கும் தெரியாது. சொன்னால் அத்தை என் முகத்தில் விழிக்க மாட்டார், டில்லியைப் பார்க்கவும் விட மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவும் போய்விடும். எனக்கு அவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அன்று மதியம். அத்தை அரிவாள்மணையில் உட்கார்ந்து அடுத்த வேளைக்குக் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். டில்லியும் நானும் எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தோம். காற்று திரும்பியது. ரயிலில் வரும் அதே வாசனை வீட்டுக்குள் வந்து நின்றது. டில்லி சோற்றில் கை வைத்தபடி தலையைத் தூக்கினான்.

"ம்மா, இன்னாமோ வாசன அடிக்குது."

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாசனதான்டா, ஒண்ணும் ஆவாது, துன்னு" என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அத்தே, நான் உங்ககிட்ட பொய் சொல்ட்டேன். அன்னிக்கி வாசன வந்துச்சி. இவன் உள்ள இருந்து சொன்னான். நாந்தான் ஒண்ணும் ஆவாது, குளின்னு சொன்னேன்."

அத்தையின் கை நின்றது.

"இன்னா சொன்னே?"

மறுபடி சொன்னேன்.

"அப்பால எத்தினி நேரம் கயிச்சி போயி பாத்தே?"

"அர மணி நேரம்."

"அர மணி நேரம்" என்றார் அத்தை. கையிலிருந்த மீனைப் பார்த்தார். "அர மணி நேரம் எம்புள்ள உள்ள கெடந்துகிறான். நீ போட்டா அனுப்பிகினு இருந்துகிறே. அந்தப் போட்டாவ நான் ஊர்பூரா காட்னேனே."

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அத்தை அடிக்கவில்லை. பேசியபோது என்னிடம் பேசவில்லை, மீனிடம் பேசினார்.

"சின்னதுல இவன் அப்டித்தான். வாசன வந்தா போதும், சோத்துல கை வெச்சிகினு இருந்தாகூட எயிந்து கடலாண்ட ஓடுவான். ஊர்ல எவனுக்கும் வராத வாசன உம்புள்ளைக்கு மட்டும் வருதான்னு அல்லாரும் சிரிப்பாளுங்க. எனுக்கு மானம் போவும். தொரத்திகினு போயி, முதுவுல நாலு வெச்சி இஸ்துகினு வருவேன். வாசனதான்டா, ஒண்ணும் ஆவாதுடா, குந்துடான்னு. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. அவன் ஓடறத நிறுத்தற வரைக்கும் அடிச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, முகமெல்லாம் ஆனது.

"நீ சொன்னது உன் வார்த்த இல்லமே. அது என் வார்த்த."

அது மன்னிப்பு இல்லை. அத்தை அதற்குப் பிறகு என்னைச் சாமி என்று சொன்னதில்லை, மீன் துண்டு பார்த்து வைத்ததில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கிறார், டில்லியிடம் கொடுக்கிறார், என்னிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். நான் எதிர்பார்த்ததைவிட அது அதிகம்.

ஆனால் அந்த மதியம் இன்னும் முடியவில்லை. வாசனை ஏறிக்கொண்டே இருந்தது. டில்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் பேசியதில் எதுவும் அவனிடம் தங்கியிருக்காது. முப்பத்து மூன்று வயது ஆள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளைபோல அம்மாவிடம் கேட்டான்.

"ம்மா, வெளிய போவட்டா?"

அத்தை அவனைப் பார்த்தார்.

"போடா" என்றார். "ஓடு."

கை கழுவாமல் எழுந்து போனான். அத்தை அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு அவன் பின்னால் போனார். நானும் போனேன். கடலாண்டை போய் மூன்று பேரும் நின்றோம். அங்கேயும் அதே வாசனைதான் இருந்தது.